இன்ஸ்ப்ரூக்: உள்ளே ஆளே இல்லாத கல்லறைக்கு டிக்கெட்டா?

மார்ச் 2, மாலை (வாசகர் கேள்வி)

ஈஸ்டர் விடுமுறையில் மூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் போய்விட்டு அன்றே திரும்புவதாகத் திட்டம். ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துப் பேரரசர் மாக்சிமிலியன் கல்லறை இருக்கும் அரசவை சர்ச்சைக் கட்டாயம் பாருங்கள் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் அந்தக் கல்லறைக்குள் அவர் உடலே இல்லையாம். காலிப் பெட்டியைப் பார்க்க எதற்குக் காசு? பொன்முலாம் ஓடு வேய்ந்த தங்கக் கூரை மாடத்தைத் தெருவில் நின்றே பார்த்துவிட்டு மலைக்குப் போய்விடலாம் என்பது என் கட்சி. போனவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

போயிருக்கிறேன். பெட்டி காலிதான். மாக்சிமிலியன் 1519 ஜனவரி 12 அன்று வெல்ஸ் என்ற ஊரில் இறந்தார். அடக்கம் செய்தது வீனர் நொய்ஷ்டாட் கோட்டையில் உள்ள புனித ஜார்ஜ் சிற்றாலயத்தில். அவர் பிறந்ததும் அதே ஊர்தான். இன்ஸ்ப்ரூக் சர்ச்சைப் பேரன் முதலாம் ஃபெர்டினாண்ட் கட்டத் தொடங்கியது 1553-ல். தாத்தா செத்து 34 வருஷம் கழித்து.

ஆனால் அங்கே பார்க்க வேண்டியது பெட்டி இல்லை. பெட்டிக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் 28 பேர். ஆளைவிட உயரமான வெண்கலச் சிலைகள், கறுத்துப் போனவை. ஊர்க்காரர்கள் 'கறுப்பு ஆண்கள்' என்றுதான் சொல்வார்கள். அதில் 8 பேர் பெண்கள்.

மார்ச் 3, காலை

"அப்படியென்றால் ஏன் உடலைக் கொண்டுவந்து வைக்கவில்லை?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். உடலுக்கும் சிலைகளுக்கும் சேர்த்து அவர் உயிலில் சொன்ன இடம் வீனர் நொய்ஷ்டாட் சிற்றாலயம். அது கோட்டை வாசல் வளைவின் மேலே மாடியில் இருக்கிறது. இவ்வளவு வெண்கலத்தை அந்தத் தளம் தாங்காது. உடலை மட்டும் அங்கே வைத்துவிட்டார்கள். செய்து முடித்த சிலைகளும் பாதியில் நின்ற சிலைகளும் இன்ஸ்ப்ரூக்கில் கிடந்தன. அவற்றை நிறுத்த ஒரு கூரை வேண்டும் என்றுதான் பேரன் சர்ச்சும் அதையொட்டி ஃபிரான்சிஸ்கன் மடமும் கட்டினார். சிலைகளுக்காகக் கட்டிய சர்ச் அது. காலி என்ற விஷயம் தானே வந்து சேர்ந்தது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மார்ச் 3, மதியம்

மேலே எழுதியதோடு ஒன்று. 28 என்பது முழுத் திட்டம் இல்லை. மாக்சிமிலியன் கேட்டது 40 பெரிய சிலைகள். அது போக 100 சிறிய புனிதர் சிலைகள், 34 ரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகள். 1502 வாக்கில் வேலை ஆரம்பம். அவர் சாகும்போது பெரிய சிலைகளில் பாதிகூட முடியவில்லை. புனிதர்களில் 23 பேர் வந்தார்கள். ரோமப் பேரரசர்களில் தப்பியவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே அம்ப்ராஸ் கோட்டையில் இருக்கின்றன. கல்லறையின் உச்சியில் மண்டியிட்டிருக்கும் மாக்சிமிலியனே 1584-ல்தான் வந்து சேர்ந்தார். சிசிலிக்காரர் லுடோவிகோ டெல் டூகா வார்த்தது. கொள்ளுப்பேரன்கள் காலம்வரை இழுத்த வேலை.

மார்ச் 3, இரவு

"எல்லாச் சிலையும் ஜெர்மன் ஓவியர் டியூரர் செய்தது" என்று ஒரு பதிவு. இல்லை. பிரிட்டனின் கதை ராஜா ஆர்தர், கோத்திய அரசர் தியோடோரிக் ஆகிய இரண்டுக்கும் டியூரர் வரைந்து கொடுத்ததாகச் சொல்கிறார்கள். வார்த்தது நியூரம்பெர்க் பீட்டர் ஃபிஷர், 1513-ல். மற்றவற்றில் பெரும்பகுதி இன்ஸ்ப்ரூக் பக்கம் மூலாவ் பட்டறையில் நடந்தது. முதலில் பொறுப்பில் இருந்தவர் கில்க் செஸ்ஸல்ஷ்ரைபர், அரசவை ஓவியர். நன்றாக வரைவார். ஆனால் வேலை நத்தை வேகம், செலவோ ஏறிக்கொண்டே போனது. 1518-ல் அவரை அனுப்பிவிட்டு ஷ்டெஃபான் கோடல் கையில் கொடுத்தார்கள். அவர் வந்த பிறகுதான் வேலை மளமளவென்று நடந்தது.

இந்த வித்தியாசம் நேரில் பார்த்தால் தெரியும். செஸ்ஸல்ஷ்ரைபர் காலத்துச் சிலைகளில் உடைதான் ஆள். ஜரிகை, மணிகள், சங்கிலி என்று ஒரு அங்குலம் விடாமல் செதுக்கி, அதற்குள் மனிதர் விறைத்துப்போய் நிற்பார். ஆர்தர் அப்படி இல்லை. ஒரு காலில் பாரத்தைக் கொடுத்து, இடுப்பை லேசாகச் சாய்த்து, முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கவசம் போட்டிருப்பதே நினைவில்லாதவர் போல நிற்கிறார். அக்கம்பக்கத்துச் சிலைகளுக்கு நடுவில் அவர் மட்டும் இப்போதுதான் நடந்து வந்தவர்.

மார்ச் 4

ஆர்தருக்கும் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவருக்கு: ஒன்றுமில்லை. மாக்சிமிலியன் வம்சாவளி எழுதவே ஆள் வைத்திருந்தார். ஃபிராங்க் அரசர் குளோவிஸ், கோத்திய அரசர் தியோடோரிக், எருசலேமைப் பிடித்த புய்யோன் கோட்ஃப்ரே எல்லாரும் ஒருவிதத்தில் சொந்தம் என்று சாதித்தார். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் மந்திரியைப் பிடித்து நடுவில் நிறுத்துவார்களே, அதுதான். பக்கத்தில் நிஜ அப்பா, நிஜ மகன், நிஜ மனைவிகள் நிற்பதால் பொய்ச் சொந்தமும் நிஜம் போலத் தோன்றிவிடுகிறது. தந்திரம் வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மார்ச் 4, இரவு

இன்னொன்று விட்டுப்போயிற்று. அந்த ஆர்தர் அடகில் கிடந்தவர்! வார்த்து முடித்தும் ஊர் வந்து சேரவில்லை. பணமுடையில் ஆக்ஸ்பர்க் ஆயரிடம் அடகு வைத்திருந்தார்கள். பேரன் மீட்டு இன்ஸ்ப்ரூக் கொண்டுவந்தது 1532-ல். வீரத்துக்கே இலக்கணமான ராஜா, வட்டிக் கணக்கில் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மார்ச் 5

ருடால்ஃப் சிலை பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டீர்கள். ஆமாம், உண்மைதான். ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் முதல் அரசரான முதலாம் ருடால்ஃபின் கவசத்தில் இடுப்புக்குக் கீழே அந்தக் காலப் பாணியில் புடைத்து நிற்கும் பகுதி மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது. உடம்பு முழுக்கக் கறுப்பு, அங்கே மட்டும் மஞ்சள். எத்தனை நூற்றாண்டுக் கைகளோ தெரியாது. தொட்டால் பிள்ளை பிறக்கும் என்பதில் தொடங்கி ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இப்போது தொட விடமாட்டார்கள். வயதான தம்பதி ஒன்று அதன் முன்னால் நின்று சிரிப்பை அடக்கப் பட்டபாடு இருக்கிறதே!

ஒரு வகையில் அது உதவியாகவும் இருக்கிறது. மற்ற 27 பேரும் புதிதாக எப்படி மின்னியிருப்பார்கள் என்பதற்கு அங்கே மாதிரி கிடைக்கிறது.

மார்ச் 6

"கடன்காரப் பேரரசரின் தற்பெருமை, அவ்வளவுதான்" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பாதி சரி. மாக்சிமிலியனுக்குக் காசு கையில் நின்றதே இல்லை. பக்கத்து ஷ்வாட்ஸ் வெள்ளிச் சுரங்கம் ஐரோப்பாவிலேயே பெரியவற்றில் ஒன்று, அந்த வருமானமும் ஆக்ஸ்பர்க் வட்டிக்கடைக்காரர்களான ஃபுக்கர் குடும்பத்துக் கடனுக்கே போயிற்று. கடைசியாக அவர் இன்ஸ்ப்ரூக் வந்தபோது பழைய பாக்கி தீரவில்லை என்று சத்திரக்காரர்கள் அவர் பரிவாரத்துக்கு இடம் கொடுக்க மறுத்த கதையை அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். ஏற்கெனவே நோயாளி. ஊரைவிட்டுக் கிளம்பினார், வழியில் வெல்ஸில் முடிந்தது.

எந்த ஊர் சத்திரத்தில் இடமில்லை என்றதோ அதே ஊரில்தான் இவ்வளவு பெரிய நினைவுச்சின்னம் நிற்கிறது.

தற்பெருமை என்பதும் சரிதான். வாழும்போதே தன் நினைவுக்கு ஏற்பாடு செய்யாதவனைச் சாவு மணி ஓய்ந்ததும் மறந்துவிடுவார்கள் என்று தன் கதையைச் சொல்லும் புத்தகத்தில் அவரே எழுத வைத்தார். நினைவுக்காகச் செலவழிக்கும் பணம் வீண் இல்லை என்பது அவர் வாதம். இன்றைக்கு நாம் அவரைப் பற்றி இத்தனை பத்தி அடித்துக்கொண்டிருக்கிறோம் என்றால் அவர் கணக்கு தப்பவில்லை.

மார்ச் 6, நள்ளிரவு

படுத்த பிறகு யோசித்தேன். தற்பெருமை என்று மட்டும் சொல்லி விட முடியவில்லை. 1514-லிருந்து போகிற இடமெல்லாம் சவப்பெட்டியைக் கூடவே எடுத்துப் போன ஆள் இவர். செத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று விட்டுப்போன கட்டளை: தலைமுடியை மழிக்க வேண்டும், பற்களை உடைத்து எடுக்க வேண்டும், உடலைச் சாட்டையால் அடிக்க வேண்டும், சுண்ணாம்பும் சாம்பலும் போட்டுத் துணியில் கட்ட வேண்டும். பூசை செய்யும் குருவானவர் மாக்சிமிலியனின் நெஞ்சுக்கு மேலே நிற்கும்படி பீடத்துக்கு அடியில் புதைக்க வேண்டும். பாவிக்கான அடக்கம்.

40 வெண்கல உறவினரைக் கேட்டவரும் இவர்தான், பல்லை உடைக்கச் சொன்னவரும் இவர்தான். இரண்டும் ஒரே இடத்தில் அமைந்திருந்தால் ஒன்று மற்றதை அமுக்கியிருக்கும். தளம் தாங்காததால் இரண்டும் பிரிந்தன. உடலோடு பணிவு வீனர் நொய்ஷ்டாட்டில், ஆடம்பரம் இன்ஸ்ப்ரூக்கில். எனக்கென்னவோ இந்தக் காலிப் பெட்டி பொருத்தமாகத்தான் படுகிறது.

மார்ச் 8

பளிங்குப் புடைப்புச் சிற்பங்களைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. கல்லறையின் நாலு பக்கமும் 24 பலகைகள். ஆபெல் சகோதரர்கள் ஆரம்பித்தார்கள், இறந்துபோனார்கள். மெக்கலன் ஊரிலிருந்து வந்த அலெக்சாண்டர் கோலின் தொடர்ந்து முடித்தார். மாக்சிமிலியன் வாழ்க்கை: 1477-ல் பர்கண்டி மரியாவோடு திருமணம், போர்கள், முற்றுகைகள், 1504-ல் குஃப்ஷ்டைன் கோட்டை பிடிபட்டது.

சுற்றிலும் இரும்புக் கிராதி இருக்கிறது. பிராக்கைச் சேர்ந்த ஷ்மிட்ஹாமர் 1573-ல் செய்தது. கொடியும் பூவுமாக வளைத்து வளைத்து அடித்திருக்கிறார். அதுவே தனியாக நின்று பார்க்கத் தக்கது. அதன் இடைவெளியில் கண்ணை வைத்துத்தான் பலகைகளைப் பார்க்க வேண்டும். முதல் தடவை நான் போனது ஒரு சுற்றுலாக் குழுவோடு. வழிகாட்டி "24 பலகை, ஒரே மாதிரி சண்டைக் காட்சிகள், வாருங்கள்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை தனியாகப் போய்க் குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு குதிரைப் படை. முன்வரிசைக் குதிரைகள் கல்லைவிட்டு வெளியே தாவுகின்றன. பின்வரிசை வெறும் கோடாகத் தேய்ந்து போகிறது. தீக்குச்சி கனத்தில் ஈட்டிகள் காட்டுப்புல் போல நிற்கின்றன. ஒரு கூடாரத்தின் கயிறுகூட இழுபட்டுத் தெரிகிறது. பளிங்கில்!

பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். மேல்வரிசைக்கு உதவும்.

மார்ச் 8, சற்று நேரம் கழித்து

கோலின் மாக்சிமிலியனை ஒருமுறைகூடப் பார்த்தவர் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே ஆள் போயாயிற்று. டியூரரின் வெற்றி வளைவு மரச்செதுக்கு ஓவியங்கள் கையில் இருந்தன, அவற்றை வைத்து வேலை நடந்தது.

மார்ச் 10

பெண்கள் சிலைகளைப் பற்றிக் கேட்டவருக்கு. மரியா இருக்கிறார், முதல் மனைவி, 1482-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தவர். உடல் ப்ரூஜ் நகரத்தில். மாக்சிமிலியனின் இதயத்தை அங்கே கொண்டுபோய் வைத்ததாகச் சொல்வார்கள். இரண்டாவது மனைவி மிலானின் பியாங்கா மரியா ஸ்ஃபோர்ட்ஸாவும் இருக்கிறார். பெரிய சீதனத்துக்காக நடந்த கல்யாணம், 4 லட்சம் டுக்கட் தங்கம். பணம் கரைந்த பிறகு மனிதர் அவரைப் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. 1510-ல் இன்ஸ்ப்ரூக்கிலேயே இறந்தார். ஷ்டாம்ஸ் மடத்தில் புதைத்தார்கள். மாக்சிமிலியன் அடக்கத்துக்கு வரவில்லை. ஆனால் வெண்கலத்தில் பட்டும் மணியுமாக ராணிக்குரிய எல்லாம் குறைவில்லாமல் செய்து கொடுத்திருக்கிறார்.

பாட்டி சிம்பர்கிஸ் சிலையை விடாதீர்கள். வெறும் கையால் ஆணி அடிப்பார் என்று கதை உள்ள அம்மணி.

மகள் மார்கரெட்டின் கதை இன்னும் விசித்திரம். பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸுக்கு நிச்சயித்து மூன்று வயதில் அங்கே அனுப்பினார்கள். வளர்ந்த பிறகு அவர் வேறொருத்தியை மணந்துகொண்டார். அந்த வேறொருத்தி யார்? பிரிட்டனி அன்னா. மாப்பிள்ளைக்குப் பதில் வேறொருவர் நிற்கும் சடங்கில் மாக்சிமிலியனோடு திருமணம் ஆகியிருந்தவர்! மகளின் மாப்பிள்ளை அப்பாவின் மனைவியைக் கொண்டுபோய்விட்டார். மார்கரெட் 1493-ல் திரும்பி வந்த காட்சி பளிங்குப் பலகையில் உண்டு. அவமானத்தை விழாவாகச் செதுக்க வைக்கவும் ஒரு தைரியம் வேண்டும்.

மார்ச் 11

"சர்ச் கோதிக்தானே, ஏன் மறுமலர்ச்சிக் காலம் என்கிறீர்கள்?" மூன்றும் கலந்தது. உள்ளமைப்பு பழைய கோதிக் மண்டபம், மூன்று பகுதியும் ஒரே உயரம். சிவப்புப் பளிங்குத் தூண்களும் வாசலும் மறுமலர்ச்சி. 1689 நிலநடுக்கத்துக்குப் பிறகு மேல்கூரையில் அடுத்து வந்த பரோக் பாணிச் சுதை வேலைப்பாடு சேர்ந்தது. சண்டை போட ஒன்றுமில்லை.

மார்ச் 12

கொஞ்சம் விலகிப் போகிறேன். மாக்சிமிலியன் வெண்கலத்தோடு நிற்கவில்லை. காகிதத்திலும் ஓர் ஊர்வலம் நடத்தினார். வெற்றி ஊர்வலம் என்ற மரச்செதுக்கு வரிசை, தாள்களை ஒட்டினால் 50 மீட்டருக்கு மேல் போகும். அதில் ஹான்ஸ் புர்க்மைர் வரைந்த 'கோழிக்கோட்டு மக்கள்' வருகிறார்கள். யானையோடு! யானை சரி. ஆனால் அந்தக் கோழிக்கோட்டார் சிலர் பிரேசில்காரர்கள் போல இறகுப் பாவாடை கட்டியிருக்கிறார்கள், கையில் மக்காச்சோளம் வேறு. மலபாரில் அன்றைக்கு ஏது மக்காச்சோளம்? இரண்டு இந்தியாவையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். ஒரு காலடிகூடப் பதிக்காத கோழிக்கோட்டைத் தன் குடிகளாகக் காட்டிக்கொண்டார் பேரரசர். ஆர்தர் சொந்தமானது போலத்தான்.

சர்ச்சுக்குள்ளேயே இதற்கு ஒரு நிஜத் தொடர்பும் உண்டு. மாடிப்படி ஏறினால் வெள்ளிச் சிற்றாலயம். அங்கே அடங்கியிருப்பவர் ஃபிலிப்பீன் வெல்சர். ஆக்ஸ்பர்க் வணிகர் வீட்டுப் பெண். முதலாம் ஃபெர்டினாண்டின் மகன் இளவரசர் ஃபெர்டினாண்ட் 1557-ல் அவரை ரகசியமாக மணந்தார். அந்த வெல்சர் குடும்பம்தான் 1505-ல் போர்ச்சுகீசியக் கப்பற்படையோடு மலபாருக்கு மிளகு வாங்கப் பணம் போட்ட ஜெர்மன் வணிகர்களில் முக்கியமானது. மிளகுக் காசு அரண்மனைக்குள் மருமகளாக வந்து, கோலின் செதுக்கிய பளிங்குக் கல்லறையில் படுத்திருக்கிறது.

இந்தக் கல்லறைகள் காலி இல்லை, எதற்குக் காசு என்று கேட்டவர் கவனிக்க. கணவர் இரண்டாம் ஃபெர்டினாண்டும் அங்கேதான். அவருடைய கவசம் சுவரில் ஒரு தாங்கியின் மேல் தனியாக மண்டியிட்டு ஜெபம் செய்துகொண்டிருக்கும். உள்ளே ஆள் கிடையாது. பேரரசரைவிட எனக்கு இது பிடிக்கும்.

மார்ச் 14

இன்ஸ்ப்ரூக் இருக்கும் டிரோல் மாநிலத்துக்காரர்கள் பலர் மாக்சிமிலியனுக்காக உள்ளே வருவதில்லை. நுழைந்ததும் ஓரத்தில் இருக்கும் ஆன்ட்ரியாஸ் ஹோஃபருக்காக வருகிறார்கள். 1809-ல் நெப்போலியன் படையையும் பவேரியர்களையும் எதிர்த்த விடுதிக்காரர். 1810 பிப்ரவரி 20 அன்று மாந்துவாவில் சுட்டுக் கொன்றார்கள். எலும்புகளை 1823-ல் இங்கே கொண்டுவந்து அடக்கினார்கள். ஒரு விடுதிக்காரர் பேரரசரின் சர்ச்சில் நிஜமாகவே அடங்கியிருக்க, சத்திரக்காரர்களிடம் பாக்கி வைத்த பேரரசர் வெளியூரில். நானாகச் சேர்த்து எழுதவில்லை, வரலாறு இப்படி அமைந்துவிட்டது.

1655 நவம்பர் 3-ல் சுவீடன் ராணி கிறிஸ்டினா பகிரங்கமாகக் கத்தோலிக்கரானதும் இதே பீடத்தின் முன்னால்தான். அப்பா குஸ்டாவ் அடால்ஃப் புராட்டஸ்டன்ட் பக்கம் போரிட்டுச் செத்தவர்.

மார்ச் 15

ஒருவர் குழந்தைகளோடு போகலாமா என்கிறார். தாராளமாக. ஒரு வேலை கொடுங்கள்: எந்தெந்தச் சிலை வெறும் கையை எதையோ பிடித்த மாதிரி வளைத்து வைத்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மெழுகுவர்த்தி பிடிக்க வார்த்த கைகள் அவை. இறுதி ஊர்வலத்தில் விளக்கேந்தி நிற்கும் உறவினர்கள் என்பதுதான் மூலத் திட்டம். பெரியவர்களுக்கும் இதைத் தெரிந்துகொண்டால் மொத்த அமைப்பும் பிடிபட்டுவிடும். இல்லாவிட்டால் ஏதோ அருங்காட்சியக வரிசை போலத் தெரியும்.

பழைய ஆர்கனையும் காட்டுங்கள். 1561-ல் யோர்க் எபர்ட் முடித்தது. இன்னும் வாசிக்கிறார்கள்.

மார்ச் 16

நுழைவு பக்கத்து நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் வழியாக. டிக்கெட்டும் சேர்த்தேதான். ஞாயிறு காலை போய் நின்று பூட்டிய கதவைப் பார்க்காதீர்கள், நேரத்தை முன்பே சரிபாருங்கள். உள்ளே குளிரும். மலைக்குப் போவதானால் காலையில் முதலில் மலை, மதியத்துக்கு மேல் சர்ச். மேகம் பிற்பகலில்தான் இறங்கும், சிலைகள் எங்கும் போகாது.